பங்கு இல்லாத பங்காளிகள்

கண்டரமாணிக்கத்தில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப்பெட்டி கிடக்கிறது. எங்க ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், பர்மாவுக்குப் போகும்போது எழுதிக்கொண்ட சம்பளச் சீட்டு அதில் இருக்கிறது. மூன்று வருஷக் கணக்கு. கப்பலேறும் முன் ஒரு தொகை கையில்; திரும்பி வந்ததும் மீதி; கடை லாபத்தில் ஒரு பங்கு. ஐயாவைக் கடைக்காரர்கள் யாரும் 'தொழிலாளி' என்று சொன்னதில்லை. 'நம்ம பிள்ளை' என்றார்கள்.

இந்தச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்தவன் என் தங்கச்சி மகன். காரைக்குடியில் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மழையில் வண்டி சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். நிறுவனத்துக்குப் போன் போட்டால், "நீங்க எங்க எம்ப்ளாயி இல்லீங்க, பார்ட்னர்" என்று பதில். நாலாம் நாள் அவன் ஐடியும் வேலை செய்யவில்லை. கட்டுப்போட்ட காலோடு கேட்டான்: "பார்ட்னர்னா பங்காளிதானே மாமா? அப்ப என் பங்கு எங்க?"

இந்தக் கேள்வியை ஒரு வரலாற்றுக் கேள்வியாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

செட்டிநாட்டுக் கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிநிலை உண்டு. மேலாளுக்கு லாபத்தில் பங்கு கிடைக்கும். முதலும் நஷ்டமும் முதலாளியுடையவை. இதைப் பொற்காலமாக்க வேண்டாம். பங்கு கிடைத்தது சாதிக்குள்தான். கடைக்குச் சமைத்துப்போட்டவருக்குப் பங்கு இல்லை. வட்டி கட்டி நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: 'பங்கு' என்ற சொல்லுக்கு அன்று கணக்கு இருந்தது, பேரேட்டில் ஒரு வரி இருந்தது. இன்றைய 'பார்ட்னர்' பெட்ரோல், பைக், போன் எல்லாவற்றுக்கும் தானே முதல் போடுகிறான். நஷ்டம் முழுக்க அவனுடையது. லாபத்தில் வரி இல்லை. சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளைக் கழற்றிவிட்டார்கள்.

யார் தொழிலாளி என்பது இயற்கையாக இருக்கிற விஷயமல்ல. சட்டத்தின் சொல்லாடலுக்குள் கட்டமைக்கப்படுவது. 1956-இல் தராங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கட்ச் பகுதி உப்பளத்தின் அகாரியாக்கள் குடும்பத்தோடு உப்பு விளைவிப்பவர்கள், எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள். அவர்கள் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்றது கம்பெனி. வேலையை மேற்பார்க்கவும் கட்டுப்படுத்தவும் கம்பெனிக்கு உரிமை இருப்பதால் அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். 1958-இல், சிந்தாமன் ராவ் வழக்கில், பீடி சுற்றித் தந்த 'சட்டேதார்'கள் தொழிலாளர் அல்ல என்று தீர்ப்பு வந்தது. 1973-இல் செகந்தராபாத் தையற்கடை வழக்கு: உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்தவர்களும் வேலைக்காரர்களே என்று நீதிபதி கே.கே. மேத்யூ எழுதினார். தையல் மெஷின் கடைக்காரருடையது, தைத்தது பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் அதிகாரமும் அவருடையது என்பவை அதற்கான காரணங்களில் சேர்ந்தவை.

இன்று மெஷின் யாருடையது? பைக் பையனுடையது, சரி. எந்த ஆர்டர் யாருக்கு, என்ன ரேட்டு, யாருடைய ஐடி உயிரோடு இருக்கும் என்று தீர்மானிக்கிற செயலிதான் உண்மையான மெஷின். அது அவனுடையதல்ல. 2021-இல் ஊபர் வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத் தாளை ஒதுக்கிவிட்டு இந்தக் கட்டுப்பாட்டைத்தான் பார்த்தது. ஓட்டுநர்கள் தொழிலாளர்கள் என்றது. கலிஃபோர்னியாவில் 2020-இல் நிறுவனங்கள் பெரும் பணம் கொட்டி வாக்கெடுப்பில் எதிர்த்திசையில் சட்டம் கொண்டுவந்தன. அதே செயலி, அதே வேலை; எல்லைக்கோடு மாறினால் ஆளின் பெயர் மாறிவிடுகிறது.

நம் ஊரிலும் இதே கதைதான். 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருப்பது, கிக் தொழிலாளியை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்று வரையறுக்கிறது. 'தொழிலாளி' என்று பெயர் சூட்டிக்கொண்டே அந்த உறவிலிருந்து வெளியேற்றுகிறது. ராஜஸ்தான் 2023-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகம் 2025-இல் நிறுவனங்களிடம் நல நிதிக்குக் கட்டணம் வசூலிக்கவும், வேலையிலிருந்து நீக்குமுன் காரணம் சொல்லி 14 நாள் அறிவிப்புத் தரவும் சட்டம் செய்தது. ஓசூரில் ஐடி பிளாக் ஆவதும் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் பிளாக் ஆவதும் இனி வேறு வேறு நிகழ்வுகள்.

தமிழ்நாட்டின் வழி வேறு. இங்கே 1982-இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. முதலாளி யார் என்று நிரூபிக்க வேண்டாம். அட்டவணையில் உன் தொழில் இருந்தால் நலவாரியத்தில் பதியலாம். 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர்களுக்கான வாரியமும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வந்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு ரூ. 20,000 மானியம் அறிவித்தார்கள். அந்த ஆண்டே சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்தது.

சில தோழர்கள் இதை ஏமாற்று வேலை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். காலொடிந்தவனுக்கு வாரிய அட்டை வெறும் தாள் அல்ல. ஆனால் உதவி கொடுப்பது அரசு, உழைப்பை எடுப்பது நிறுவனம் என்றாகும்போது முதலாளி என்ற ஆள் காட்சியிலிருந்தே மறைந்துபோகிறார். 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும். நல்ல சட்டம். ஓட்டல் வாசலில் பொட்டலத்துக்குக் காத்து நிற்கிற பையனுக்கு அந்த நாற்காலி கிடையாது. ஓட்டலுக்கு அவன் ஊழியன் இல்லை, செயலிக்கும் இல்லை. நிற்கிறான்.

நலமா, உரிமையா என்று ஒன்றைத்தான் கேட்கவேண்டும் என்பதில்லை. பீடித் தொழிலே சாட்சி. 1958-இல் தோற்ற இடத்தில் 1966-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. பீடி முதலாளிகள் எதிர்த்து வழக்காடினார்கள். 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. இடைத்தரகனைக் காட்டித் தப்பமுடியவில்லை. திண்ணை வேலைத்தலமாக முடியுமென்றால் சாலை ஏன் முடியாது?

தங்கச்சி மகனை வாரியத்தில் பதியச் சொல்லியிருக்கிறேன். பதிவு நமூனாவை நிரப்பும்போது, "முதலாளி யாருன்னு கேட்டா என்ன எழுத மாமா?" என்றான். ஐயாவின் சீட்டில் அந்தப் பெயர் முதல் வரியில் இருக்கிறது. இவனுடைய தாளில் அந்த வரியை எழுத வைப்பதுதான் நம் முன் இருக்கிற வேலை.