தலைவன், நாயகன், வீரன்

‘ஹீரோ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலமான ‘ஹீரோஸ்’ என்ற கிரேக்கச் சொல், ஹோமரின் காப்பியங்களில் உயிரோடு திரியும் மறவரையும், பிற்கால வழக்கில் கல்லறையில் பலி பெற்று வழிபடப்பட்ட மாண்டோரையும் குறித்தது. தமிழில் இப்பொருள்கள் ஒரு சொல்லில் அடங்காமல் பிரிந்து நிற்கின்றன. ‘வீரன்’ ஆற்றலைச் சுட்ட, நடத்திச் செல்லுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிற் பிறந்த ‘நாயகன்’ தலைமையைச் சுட்டுகிறது. அகத்திணைத் தலைவனையோ தொல்காப்பியம் ‘கிழவன்’ என்கிறது. கிழமை என்பது உரிமையாதலின், அச்சொல் அங்கே உரிமையுடையவனைக் குறிக்குமேயன்றி, இன்றைய வழக்கிற்போல முதியவனைக் குறிக்காது. காதலுக்குரியவனாகப் பேசப்படும் அவனை வீரன் என்று பெயர்ப்பது பாடலின் பொருளையே திரித்துவிடும். கிரேக்கச் சொல்லின் வழிபாட்டுப் பொருளுக்கு மிக அணுக்கமாக நிற்பது, ஆநிரை மீட்டு மாண்டவனுக்குப் பெயர் பொறித்த கல்லை நட்டு, மயிற்பீலி சூட்டி, கள் படைத்துப் போற்றிய நடுகல் மரபேயாகும்.