பயணத் தொழுகை, பெயர் சூட்டல் (தமிழக முஸ்லிம்கள்)

தமிழக முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளைப் (சட்டப் பள்ளிகளைப்) பின்பற்றுவோர். ஏறத்தாழ 80 கி.மீ.யோ அதற்கு மேலோ ஊர் எல்லை தாண்டிப் போகிறவர் பயணி. எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் போனால் ஐயமில்லை. வேலூர் இந்த வரம்பை ஒட்டியே இருப்பதால் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்வது நல்லது. பயணி லுஹர், அஸர், இஷா பர்ளு (கடமையான) தொழுகைகளை நான்கு ரக்அத்திலிருந்து இரண்டாகச் சுருக்கலாம். ஹனஃபியில் அது கட்டாயம், ஷாஃபியில் சலுகை.

சுன்னத், நபில் தொழுகைகளுக்குச் சுருக்கம் கிடையாது. அவசரத்தில் விட்டுவிடலாம், தங்குமிடத்தில் தொழலாம். ஆனால் பஜ்ருக்கு முந்தைய இரண்டு ரக்அத்தையும் வித்ரையும் நபிகள் பயணத்திலும் விட்டதில்லை. நபிலை வாகனத்தில் அமர்ந்தபடி, அது போகும் திசை நோக்கியே, சைகையால் தொழுதிருக்கிறார்கள். பேருந்துப் பயணிக்கு இதைவிட இலகுவான வழி ஏது!

இனிப் பெயர் சூட்டல்: பிள்ளைக்கு ஏழாம் நாள் அகீகா (ஆடு அறுத்தல்) கொடுத்து, முடி களைந்து, பெயரிடுவது சுன்னத். பிறந்த அன்றே வைத்தாலும் தவறில்லை. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகியவை இறைவனுக்கு மிக விருப்பமானவை என்பது நபிமொழி. தமிழகத்திலோ நாகூரில் அடங்கியுள்ள வலியாரின் (இறைநேசரின்) நினைவாக ஷாகுல் ஹமீது, நாகூர் மீரான் என்ற பெயர்களும் பரவலாக வழங்குகின்றன.