வாங் ஆன்ஷியும் சிமா குவாங்கும்: ஒரு சீர்திருத்தச் சண்டை

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு சொந்தக் கதை. 1980களில் நான் ஒரு கிராமத்துக் கிளையில பேங்க் குமாஸ்தா. ஏழைக் குடும்பங்கள் கறவை மாடு வாங்க மானியத்தோட கடன் குடுக்கிற திட்டம் அப்போ ஜரூரா நடந்துக்கிட்டு இருந்தது. நல்ல திட்டம்தான். எனக்கு அதுல முழு நம்பிக்கை. ஆனா மார்ச் மாசம் வந்தா கிளையே பரபரன்னு ஆயிடும். இத்தனை மாடு குடுத்தாகணும்னு மேலேர்ந்து கணக்கு வந்திருக்கும். அப்படி ஒரு மார்ச்ல ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, எனக்கு மாடு வேணாம். மேய்க்கத் தெம்பில்ல. கூரை ஒழுகுது, அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"ன்னு கேட்டார். கூரைக்கு எங்ககிட்ட திட்டம் இல்லை. மாட்டுக்குத்தான் இருந்தது. அன்னிக்குச் சாயங்காலம் அவர் மாட்டுக் கடன் வாங்கிட்டுப் போனார். மைப்பெட்டியை நீட்டி கைநாட்டு வாங்கினது நான்தான். சாட்சிக் கையெழுத்தும் என்னுதுதான்.

ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகாம சீன வரலாறு படிக்க ஆரம்பிச்சேன். பார்த்தா, தொள்ளாயிரத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடியே அங்க எங்க மாட்டுக் கடன் நடந்திருக்கு! அந்தக் கதைதான் இன்னிக்கு.

கஜானா காலி

11ஆம் நூற்றாண்டுச் சீனா. சோங் வம்சத்து ஆட்சி, தலைநகர் கைஃபெங். ஊரெல்லாம் வியாபாரம், அச்சுப் புத்தகம், காகிதப் பணம்னு அமோகமா இருந்த காலம். ஆனா அரசாங்கத்துக்கு மட்டும் மூச்சு முட்டுது. பத்து லட்சத்துக்கு மேல படைவீரர்கள், அத்தனை பேருக்கும் சம்பளம். இவ்வளவு படை இருந்தும் வடக்கே இருந்த லியாவ் அரசுக்கு வருஷா வருஷம் கப்பம் மாதிரி வெள்ளியும் பட்டும் கட்டினாங்க. 1042க்கு அப்புறம் அது வருஷத்துக்கு 2 லட்சம் தேல் வெள்ளி, 3 லட்சம் சுருள் பட்டு! (தேல்ங்கிறது சீன எடைக் கணக்கு.)

1067ல ஷென்சோங்னு ஒரு பேரரசர் பட்டத்துக்கு வர்றார். இருபது வயசு கூட நிறையலை. ஏதாவது செஞ்சே ஆகணும்னு துடிக்கிற பையன். அவருக்குக் கிடைச்ச ஆள்தான் வாங் ஆன்ஷி.

இந்த வாங் ஆன்ஷி ஒரு தினுசான மனுஷர். பெரிய கவிஞர், படிப்பாளி. துணியை ஒழுங்காத் துவைக்க மாட்டார், சாப்பாட்டுல என்ன இருக்குன்னு கவனிக்க மாட்டார்னு அவரைப் பத்திக் கிண்டல் கதைகள் நிறைய. ஆனா கை சுத்தம். 1058லேயே அப்போதைய பேரரசருக்கு, நிர்வாகத்தை அடியோட மாத்தணும்னு ஒரு நெடிய விண்ணப்பம் எழுதினவர். அப்போ யாரும் கண்டுக்கலை.

எதிர்ப்பக்கம் சிமா குவாங். அவரும் எளிமையானவர், அவரும் கை சுத்தம். பெரிய வரலாற்று அறிஞர். ஒரு காலத்துல ரெண்டு பேரும் நண்பர்கள். இதை முக்கியமா மனசுல வெச்சுக்கோங்க. நல்லவன் கெட்டவன் சண்டை இல்லை இது.

ராஜா முன்னாடி ஒரு விவாதம்

1068ல பேரரசர் முன்னாடியே ரெண்டு பேரும் மோதிக்கிட்டாங்க. நாட்டுல ஒரு பகுதியில வெள்ளம், கஜானா வறட்சி. திருவிழா சமயத்துல பெரிய அதிகாரிகளுக்குத் தர்ற பரிசுகளை நிறுத்தலாமான்னு பேச்சு.

நிறுத்தணும், சிக்கனத்தை மேலேர்ந்துதான் தொடங்கணும்னார் சிமா குவாங். அந்தச் சில்லறையை மிச்சம் பிடிச்சு என்ன ஆகப்போகுது, நிதியைச் சரியாக் கையாளத் தெரிஞ்ச ஆள் இல்லாததுதான் பிரச்சினைன்னார் வாங். நிதி நிபுணன்னு சொல்றவன் கடைசியில மக்கள் பையிலதான் கைவிடுவான்னு இவர். இல்லை, வரியை ஏத்தாமலே வருமானத்தைப் பெருக்க முடியும்னு அவர். நாட்டுல விளையற செல்வம் ஒரு அளவுதான், அது ஒண்ணு மக்கள்கிட்ட இருக்கும், இல்லைன்னா அரசுகிட்ட இருக்கும், மூணாவது இடம் கிடையாதுங்கிறது சிமாவோட வாதம்.

இன்னிக்கு டிவியில பட்ஜெட் விவாதம் பார்க்கிறவங்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குமே? :-)

பையன் ராஜா வாங் பக்கம் சாய்ஞ்சார். 1069லேர்ந்து மடமடன்னு புதுச் சட்டங்கள். நிலத்தை மறுபடி அளந்து வரியை நியாயப்படுத்துறது. சின்ன வியாபாரிகளுக்குக் கைகுடுக்கச் சந்தை நிறுவனம். வீடுகளைக் குழுவாச் சேர்த்து ஊர்க்காவல். அதிகாரிகள் தேர்வுல கவிதையைத் தூக்கிட்டு நிர்வாகக் கேள்விகள். அப்புறம், ஊர்க் குடும்பங்கள் முறை வெச்சு அரசுக்கு இலவசமாச் செய்யவேண்டியிருந்த ஊழியத்துக்குப் பதிலாப் பணம் கட்டினாப் போதும், அந்தக் காசுல அரசு கூலிக்கு ஆள் வெச்சுக்கும். அதுவரைக்கும் விலக்கு வாங்கியிருந்த அதிகாரிகள் வீடும் கோயில்களும் கூட இதுக்குப் பாதி கட்டணும். பெரிய மனுஷங்களுக்குக் கோபம் வராம இருக்குமா?

பசுந்தளிர் கடன்

எல்லாத்துலயும் பேர் போனது பசுந்தளிர் கடன். வயல்ல பயிர் பச்சையா நிக்கும்போது, போன விளைச்சல் தீர்ந்து போய் விவசாயி கந்துவட்டிக்காரன்கிட்ட போவான் பாருங்க, அந்த நேரத்துல அரசே கடன் தரும். அறுவடைக்கப்புறம் வரியோட சேர்த்துத் திருப்பிக் கட்டணும். வருஷத்துக்கு ரெண்டு தவணை, தவணைக்கு 20 சதம் வட்டி. நமக்கு அதிகமாத் தெரியும். ஆனா வெளியில வட்டிக்காரன் வாங்கினது இதைவிடக் கொள்ளை.

இது வாங் உக்காந்த இடத்துல யோசிச்ச திட்டம் இல்லை. 1047ல, 26 வயசுல, இன்னிக்கு நிங்போ இருக்கிற பகுதியில யின்னு ஒரு வட்டத்துக்கு அதிகாரியாப் போனவர், அரசுக் களஞ்சியத் தானியத்தை வசந்தத்துல கடனாக் குடுத்து அறுவடையில வாங்கிச் செஞ்சு பார்த்தது. அங்க அது ஓடிச்சு. ஏன் ஓடிச்சுன்னு பேங்க்காரனாச் சொல்றேன். அங்க அவரே இருந்தார். கேட்டவனுக்குக் குடுத்தார், கேக்காதவனை விட்டுட்டார்.

நாடு முழுக்கப் போனதும் என்ன ஆச்சு? எவ்வளவு கடன் குடுத்தோம், எவ்வளவு வட்டி வந்ததுங்கிறது அதிகாரிகளுக்கு மதிப்பெண் ஆயிடுச்சு. ஏழைக்குக் குடுத்தாத் திரும்பி வராதுன்னு பயம். அதனால குடும்பங்களைக் குழுவாக்கி, அதுல வசதியானவனையும் சேர்த்து, ஒருத்தன் கட்டலைன்னா மத்தவன் கட்டணும்னு ஜாமீன் போட்டாங்க. கடனே வேண்டாதவன் தலையிலும் கட்டினாங்க.

1070ல ஹான் சீன்னு ஒரு மூத்த தலைவர் இதையெல்லாம் புட்டுப்புட்டு வெச்சு விண்ணப்பம் அனுப்பினார். நகரத்துல குடியிருக்கிறவனுக்கும் பயிர்க்கடன் குடுக்கிறாங்கன்னு அதுல இருந்தது. பேரரசரே அசந்து போய், மதில் சூழ்ந்த நகரத்துக்குள்ள ஏதுய்யா பசுந்தளிர்னு கேட்டாராம்! இதைப் படிச்சதும் நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். மேய்க்கத் தெம்பில்லாத கிழவருக்கு மாடு.

விண்ணப்பம் வந்ததும் வாங் என்ன செஞ்சார்? உடம்பு சரியில்லைன்னு வீட்டுல உக்காந்துட்டார். ராஜா சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்தார். சட்டம் தொடர்ந்தது. அதே வருஷம் சிமா குவாங் பழைய நட்பை நினைச்சு ஒரு கடிதம் எழுதினார். மூவாயிரம் எழுத்துக்கு மேல. நீ திறமைசாலிதான், ஆனா யார் பேச்சையும் கேக்க மாட்டேங்கிறேங்கிற தொனி. வாங் எழுதின பதில் நானூறு எழுத்து கூட வராது. சொந்த நலத்துக்காகச் சத்தம் போடறவங்களுக்கு நான் பயப்பட மாட்டேன்னு அதோட சாரம். அழகான உரைநடைன்னு சீனாவுல இன்னிக்கும் கொண்டாடற கடிதம் அது. ஆனா நகரத்துப் பசுந்தளிருக்கு அதுல பதில் இல்லை.

சிமா குவாங் லுவோயாங் நகரத்துக்கு ஒதுங்கிட்டார். அங்க உக்காந்து 294 பாகத்துல, 1362 வருஷ வரலாற்றை எழுதி 1084ல முடிச்சார். (நான் நாலு பதிவு எழுதவே நாக்குத் தள்ளுது!)

1074ல கடும் வறட்சி. ஜெங் ஷியான்னு தலைநகர வாசல் ஒண்ணைக் காக்கிற ஒரு சின்ன அதிகாரி, முன்னாடி வாங் ஆதரிச்ச ஆள்தான், பஞ்சத்துல வந்த அகதிகளைப் படமா வரைஞ்சு ராஜாகிட்ட சேர்த்தார். சட்டங்களை நிறுத்திப் பத்து நாள்ல மழை வரலைன்னா என் தலையை வெட்டுங்கன்னார். ராஜாவுக்கு ராத்திரி தூக்கம் போச்சு. வாங் பதவி விலகினார். அடுத்த வருஷம் திரும்பி வந்து, 1076ல ஒரேயடியாப் போயிட்டார். படம் குடுத்த ஜெங் ஷியாவை நாடு கடத்தினாங்க.

நடுவுல ஒரு சின்ன சேதி. 1077ல நம்ம சோழ நாட்டுத் தூதுக்குழு இதே ஷென்சோங் அவைக்குப் போயிருக்கு. இங்க முதலாம் குலோத்துங்கன் காலம். கொண்டுபோன பொருளுக்குப் பதிலா 81,800 சரம் செப்புக் காசு கிடைச்சதுன்னு சீனக் குறிப்பு சொல்லுது. தஞ்சைப் பக்கம் சீனக் காசுப் புதையல்கள் கிடைச்சிருக்கு இல்லையா? அடுத்த தடவை மியூசியத்துல சீனக் காசு பார்த்தா இந்தக் கதையை நினைச்சுக்கோங்க.

ஐந்தே நாள்

1085ல ஷென்சோங் இறந்தார். மகன் சின்னப் பிள்ளை, பாட்டி ஆட்சிப் பொறுப்பு. பாட்டிக்குப் புதுச் சட்டங்கள் பிடிக்காது. சிமா குவாங்கைக் கூப்பிட்டாங்க. வயசாகி, உடம்பு முடியாம வந்தவர், ஒண்ணுவிடாமத் தூக்கிட்டார்.

இங்கதான் சூ ஷி வர்றார். பெரும் கவிஞர். வாங்கோட சட்டங்களை எதிர்த்தவர். கவிதையில அரசைக் கிண்டல் பண்ணினார்னு 1079ல கைதாகி ஒதுக்குப்புறத்துக்குத் துரத்தப்பட்டவர். சிமா வந்ததும் இவருக்கு நல்ல காலம்தான். ஆனா கூலி ஊழியச் சட்டத்தை ரத்து பண்ணாதீங்கன்னு சிமாகிட்டயே மல்லுக்கு நின்னார். பழசுலயும் கெடுதல் இருக்கு, புதுசுலயும் இருக்கு, ஆனா மக்கள் புதுசுக்குப் பழகிட்டாங்க, அவசரப்படாதீங்கன்னார். சிமா கேக்கலை. வெளியில வந்து சிமாவை 'மாடு'ன்னு திட்டினாராம், சரியான பிடிவாதம்கிற அர்த்தத்துல.

யார் பேச்சையும் கேக்க மாட்டேங்கிறேன்னு வாங்குக்கு மூவாயிரம் எழுத்து எழுதின அதே மனுஷர்!

பழைய ஊழிய முறைக்கு ஐந்தே நாள்ல திரும்பணும்னு உத்தரவு. முடியாதுன்னு எல்லாரும் கையைப் பிசைஞ்சாங்க. கைஃபெங் அதிகாரி சாய் ஜிங் மட்டும் சொன்ன கெடுவுல முடிச்சுக் காட்டினார். சிமா அவரை மெச்சினார். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஓய்வுல இருந்த வாங் ஆன்ஷி, இந்தச் சட்டம் கூடப் போயிடுச்சான்னு கலங்கினார்னு சொல்வாங்க. ரெண்டு வருஷம் ராஜாவோட உக்காந்து அலசிச் செஞ்ச சட்டம் அது. அந்த 1086ஆம் வருஷமே வாங் இறந்தார். படுக்கையில இருந்த சிமா குவாங், அவருக்கு உரிய மரியாதை செய்யணும்னு சொல்லி அனுப்பினார். சில மாசத்துல அவரும் போயிட்டார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1084ல, சூ ஷி நான்ஜிங்ல வாங்கைத் தேடிப்போய்ப் பார்த்துக் கவிதை பேசிட்டு வந்திருந்தார். மூணு பெரிய மனுஷங்க. ஒருத்தரை ஒருத்தர் மதிச்சாங்க. ஆனா பதவியில இருந்தப்போ ஒருத்தர் சட்டத்துல இன்னொருத்தர் சொன்ன திருத்தம் ஒண்ணு கூட ஏறலை.

கல்வெட்டு

அடுத்தது பழிவாங்கல் காலம். பாட்டி இறந்ததும் பேரன் 1094ல புதுச் சட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். சூ ஷியை மறுபடி தெற்கே, கடைசியில ஹைனான் தீவு வரைக்கும் துரத்தினாங்க. 1101ல திரும்பி வர்ற வழியில இறந்தார். அப்புறம் ஹுய்சோங் பேரரசர் காலம். இப்போ பெரிய 'சீர்திருத்தத்' தலைவர் யார்னு நினைக்கிறீங்க? அதே சாய் ஜிங்தான்! ஐந்து நாள்ல சட்டத்தை ஒழிச்சுக் காட்டினவர், இப்போ அந்தச் சட்டத்தோட காவலர்.

அவர் எதிரிகள் பட்டியல்னு 309 பேர் பேரைக் கல்லுல வெட்டி நாடு முழுக்க நிறுத்த வெச்சார். முதல் வரிசையில சிமா குவாங். சூ ஷியும் உண்டு. கொடுமை என்னன்னா, புதுச் சட்டங்களுக்காகவே உழைச்ச சிலர் பேரும் அதுல இருந்தது. சாய் ஜிங்குக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான். பயிருக்குக் கடன் குடுக்கலாமான்னு ஆரம்பிச்ச பேச்சு இங்க வந்து நின்னது. 1127ல ஜுர்ச்சென் படை கைஃபெங்கைச் சூறையாடி ஹுய்சோங்கையும் அவர் மகனையும் பிடிச்சுட்டுப் போனப்போ, பழியைச் செத்துப் போன வாங் தலையில போட்டாங்க. 1908ல லியாங் சீசாவ் அவர் வரலாற்றை எழுதி நியாயம் கேக்கற வரைக்கும், அவர் பேர் பெரும்பாலும் கெட்ட பேராத்தான் இருந்தது.

என் கணக்கு இதுதான். வாங் கெட்ட திட்டம் போடலை. சிமா பொய்யா எதிர்க்கலை. திட்டத்துல எது வேலை செய்யுது, எது செய்யலைன்னு பிரிச்சுப் பார்க்கச் சொன்ன சூ ஷி மாதிரி ஆளை ரெண்டு பக்கமும் எதிரியாப் பார்த்தாங்க. எல்லாம் வேணும் இல்லைன்னா எதுவும் வேணாம்னு ஆனப்போ, கொள்கையே இல்லாத சாய் ஜிங்தான் ஜெயிச்சார். கடன் குடுக்கறது தப்பில்லை. 'வேணாம்'னு சொன்னவன் குரல் மேல போய்ச் சேர வழியில்லாததுதான் தப்பு.

முடிக்கறதுக்கு முன்னாடி இன்னும் ஒருத்தர். அந்தப் பட்டியலை சாங்ஆன் நகரத்துல வெட்டச் சொன்னப்போ, ஆன் மின்னு ஒரு கல்தச்சர் மறுத்தார்னு சோங் வரலாறு பதிஞ்சிருக்கு. நான் படிக்காதவன், ஆனா சிமா குவாங்கை ஊரே நேர்மையானவர்னு சொல்லுது, அவரைத் துரோகின்னு வெட்ட மனசு வரலைன்னார். தண்டிப்போம்னு மிரட்டினாங்க. அழுதுக்கிட்டே, சரி வெட்டறேன், ஆனா கல்லுக்கு அடியில வெட்டினவன் பேரு போடற வழக்கம் இருக்கே, என் பேரை மட்டும் போடாதீங்க, பிற்காலத்துல எனக்குப் பழி வரும்னு கெஞ்சினாராம்.

அந்த மார்ச் மாசத்துல எனக்கு அது கூடத் தோணலை. சாட்சின்னு போட்டிருந்த இடத்துல முழுப் பேரையும் தெளிவா எழுதித்தான் குடுத்தேன்.