இயற்கைப் பொருளும் கலையும்

இயற்கையில் தானாக உருவான கல், மரக்கட்டை, மகரந்தம் போன்றவற்றைக் கலைப்படைப்பாகக் கொள்ளலாமா என்பது அழகியலில் நெடுநாளாக வாதிக்கப்படும் கேள்வி. அமெரிக்க மெய்யியலாளர் மாரிஸ் வைட்ஸ், கரையொதுங்கிய மரக்கட்டையையும் சிற்பம் என்கிறோம், ஆகவே மனிதர் செய்திருக்க வேண்டும் என்பது கலைக்குக் கட்டாயமன்று என 1956இல் வாதிட்டார். கட்டையைச் சிற்பம் என்பது வெறும் புகழ்ச்சி, வகைப்பாடு ஆகாது என மற்றொரு மெய்யியலாளரான ஜார்ஜ் டிக்கி மறுத்தார். பின்னர் அவரே, கட்டையை எடுத்துக் காட்சிக்கு வைப்பவர் அதைக் கலையின் ஊடகமாக்குகிறார் என விளக்கினார். இவ்விளக்கமே வலுவானது. பொருள் இயற்கையுடையது, அதைத் தேர்ந்து, நிறுத்தி, பார்க்கும் முறையை வகுத்துத் தரும் செயலே கலை.

சீனாவின் அறிஞர் கற்கள் இதற்குச் சிறந்த சான்று. தாய்ஹு ஏரியில் நீர் அரித்துத் துளையிட்ட சுண்ணாம்புக் கற்களைச் சோங் அரசமரபுக் காலத்துக் (960–1279) கல்வியாளர்கள் விரும்பிச் சேர்த்தனர். அவர்களுள் ஒருவரான டூ வான் 12ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வகைகளை விவரித்து ஒரு நூலே எழுதினார். மெலிவு, சுருக்கம், துளை, ஊடுருவல் என அளவுகோல்கள் உருவாயின. கல்லின் அடிப்பகுதிக்கேற்பச் செதுக்கிய மரப்பீடம் அது எப்படி நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தது. தேர்வு சரியா, பிழையா என்று வாதிட இடமிருந்ததால்தான் அது கலையாயிற்று. சில கற்களை உளியால் திருத்தி, செதுக்கிய தடம் மறைய மீண்டும் ஏரிநீரில் இட்டுவைத்ததும் உண்டு. செய்வதற்கும் தேர்வதற்கும் இடையே கறாரான எல்லை இல்லை.

தேர்வே போதுமென்றால் எல்லாமே கலையாகிவிடுமே என்பது முதன்மையான மறுப்பு. அப்படி ஆகாது. தென்னாப்பிரிக்காவின் மகாபன்ஸ்காட் குகையில் 1925இல் கிடைத்த செந்நிறக் கூழாங்கல், முகம்போல் இயல்பாகத் தேய்ந்தது. சுமார் 30 இலட்சம் ஆண்டுகளுக்குமுன் மனிதனுக்கு முந்தைய இனமான ஆஸ்திரலோபிதிகஸ் ஒன்று அதை வேறிடத்திலிருந்து எடுத்துவந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அது ஈர்ப்பைக் காட்டுகிறது. பிறர் பார்வைக்கு முன்வைக்கப்பட்டதைக் காட்டவில்லை. அழகு முழுவதும் இயற்கையுடையது, கலைஞர் சேர்த்தது ஒன்றுமில்லை என்பது மற்றொரு மறுப்பு. ஜெர்மானியக் கலைஞர் வோல்ஃப்காங் லைப், தம் ஊரைச் சுற்றிப் பல ஆண்டுகள் கையால் திரட்டிய ஹேசல் மர மகரந்தத்தை 2013இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத் தரையில் சலித்து, ஒளிரும் மஞ்சள் பரப்பாக்கினார். நிறம் மரம் தந்தது. உழைப்பும் அளவும் இடமும் அவர் தந்தவை. எவரும் தேர்ந்து நிறுத்தாத மலையைக் கலை என்னாதது அதைத் தாழ்த்துவதாகாது. மலையின் மதிப்பு எவருடைய தேர்வையும் சார்ந்ததன்று. கலைக்கு மட்டுமே தன் தேர்வுக்கு விடைசொல்லும் கடமை உண்டு.