39 வயசுல கிடைச்ச லீக்: 'அண்ணா' சேரலாதன்

தொண்டாமுத்தூர்ல இருந்து பேசுறேன். நம்ம பக்கம் பொங்கல் வந்தா கபடி இல்லாம இருக்காது. கோப்பையும் கொஞ்சம் ரொக்கமும் வாங்கினவங்க மறுநாள் காலையில வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிடுவாங்க. ஆட்டத்தையே வேலையா வெச்சுக்க முடியுமா? இன்னிக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

இதே கேள்வி 1895-ல இங்கிலாந்துல ரக்பியை ரெண்டா உடைச்சது. வடக்குப் பக்கம் மில்லுலயும் சுரங்கத்துலயும் வேலை செஞ்சவங்க மேட்ச் ஆடப் போனா அன்னிக்குக் கூலி போயிடும். அதை ஈடுகட்டணும்னு கிளப்புகள் கேட்டாங்க; ரக்பி சங்கம் முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஹட்டர்ஸ்ஃபீல்டுல கூடித் தனியாப் பிரிஞ்சாங்க. இன்னிக்கு இருக்கற ரக்பி லீக் அப்படிப் பொறந்ததுதான். மில்லு ஊர்க்காரங்க நமக்கு இந்தக் கணக்கு நல்லாவே புரியும்.

கபடிக்கு அந்த நாள் 2014 ஜூலையில வந்துச்சு, புரோ கபடி லீக்கா. அப்போ தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதனுக்கு 39 வயசு. பல பேர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கற வயசு அது. அவருக்கு அங்கதான் புது வாழ்க்கையே ஆரம்பிச்சது.

அவர் நின்ன இடம் ரைட் கார்னர். ரைடருக்கு 30 செகண்ட் டைம். கார்னர்காரர் அவசரப்பட்டுப் பாய்ஞ்சா பாயின்ட் போச்சு, தயங்கினா ரைடர் கோட்டைத் தாண்டிடுவார். வேகத்தைவிடப் பொறுமைதான் அங்க முக்கியம். வயசு அதைக் கத்துக் கொடுக்கும். கூட ஆடினவங்க, மொழி தெரியாதவங்க உட்பட, அவரை 'அண்ணா'ன்னுதான் கூப்பிட்டாங்க.

2016 ஜூலையில அவர் கேப்டனா இருந்த பாட்னா பைரேட்ஸ், ஃபைனல்ல ஜெய்ப்பூரை 37-29-னு ஜெயிச்சுக் கோப்பை வாங்குச்சு. அந்த டீம்ல ஃபசல் அத்ராசலின்னு ஒரு ஈரான் பையன், லெஃப்ட் கார்னர். அதே வருஷம் அக்டோபர்ல அகமதாபாத்ல உலகக் கோப்பை ஃபைனல். இந்தியா அணியில சேரலாதன், ஈரான் அணியில ஃபசல். 38-29-னு இந்தியா ஜெயிச்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். 2018-ல யு மும்பா டீம்ல ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்தாங்க. இந்தத் தடவை கேப்டன் ஃபசல். 43 வயசு அண்ணா, தனக்குக் கீழ ஆடின தம்பியோட தலைமையில அதே ரைட் கார்னர்ல நின்னார்.

கேப்டன் பட்டம் கைமாறிடும்ங்க. பட்டம் போனதுக்கப்புறமும் தன்னோட மூலையை விடாம காத்தார் பாருங்க, அவரோட தலைமை எப்படிப்பட்டதுன்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சது. இந்தப் பொங்கலுக்கு ஆடற நம்ம பசங்களுக்கு இப்போ இதுவும் ஒரு வேலைதான். அந்த வேலைக்கு எவ்வளவு நாள் காத்திருக்கலாம்னு கேட்டா, அண்ணாவோட வயசைச் சொல்லுங்க.