முத்தத்தில் முடிந்த வழக்கு

1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய ஃப்ரிட்ஸ் லாங் அமெரிக்காவில் எடுத்த முதல் படம் 'ஃப்யூரி' (1936). பழிவாங்கும் கதைகளில் இதைவிடக் கூர்மையான நீதி விசாரணையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அந்த விசாரணையைப் படத்தின் கடைசி நிமிடங்களே தின்றுவிடுகின்றன என்பதுதான் என் வாதம்.

செய்யாத ஆள்கடத்தலுக்காக ஜோ வில்சன் சிறையில் அடைக்கப்படுகிறான். வதந்தி வாய்க்கு வாய் ஊதிப் பெருத்துக் கும்பலாகிறது. சிறைக்குத் தீ வைக்கிறார்கள். செத்தான் என்று ஊர் நம்ப, அவன் தப்பிவிடுகிறான். மறைந்திருந்தபடியே தன்னைக் 'கொன்ற' 22 பேரையும் சாவுக்கு அனுப்பப் பார்க்கிறான். நீதிமன்றத்தில் ஊரே ஒருத்தரையொருத்தர் காப்பாற்றப் பொய் சொல்கிறது. அரசு வழக்கறிஞர் செய்திப்படத்தை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, முகங்களைக் காட்டுகிறார். சினிமாவே சாட்சிக் கூண்டில் ஏறும் இடம் அது.

இந்தப் பிரதிக்கு அடியில் ஒரு நிஜம் இருக்கிறது. 1933 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், புரூக் ஹார்ட் என்ற இளைஞரைக் கடத்திக் கொன்றதாகக் கைதான தாமஸ் தர்மண்ட், ஜான் ஹோம்ஸ் இருவரையும் சிறையை உடைத்து இழுத்துவந்து பூங்காவில் தூக்கிலிட்டது ஒரு கும்பல். மாநில ஆளுநர் ஜேம்ஸ் ரோல்ஃப் அதை வெளிப்படையாகப் பாராட்டினார். கொன்றவர்களில் ஒருத்தர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

நிஜத்தில் மாட்டியவர்கள்மீது கொலைக் குற்றச்சாட்டு இருந்தது. படத்தில் மாட்டியவன் அப்பாவி. இதனால் 'குற்றவாளியையே ஆனாலும் கும்பல் கொல்லலாமா?' என்ற கடினமான கேள்வி நழுவிப்போகிறது. இன்னொன்று, நிறம். டஸ்கிகீ நிறுவனத்தின் கணக்குப்படி 1882 முதல் 1968 வரை கும்பல் கொலைக்குப் பலியானவர்கள் 4,743 பேர். அதில் 3,446 பேர் கறுப்பர்கள். படத்தின் பலியாளோ வெள்ளையன்.

சரி, முடிவுக்கு வருவோம். தீர்ப்பு வாசிக்கப்படும்போது ஜோ உள்ளே நடந்து வருகிறான். நீதிமீது தான் வைத்திருந்த நம்பிக்கை அன்றிரவே எரிந்துபோனது என்கிறான். காதலிக்கு ஒரு முத்தம், படம் முடிந்தது. அந்த முத்தம் தனக்குப் பிடிக்கவில்லை என்று லாங்கே பிற்பாடு சொன்னார்.

ஜோ பொய்யாக 22 பேரைச் சாகவிட்டிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் வந்தது சரிதான். பிணம் எழுந்து வந்தால் கொலை வழக்கு கலையும், அதுவும் சரி. ஆனால் சிறையைக் கொளுத்தியது என்ன ஆச்சு? கொல்லப் பார்த்தது? பொய்ச்சாட்சி? எதற்கும் பதில் கிடையாது. மனசாட்சிப் பரீட்சை பாதிக்கப்பட்டவனுக்கு மட்டும் நடக்கிறது. அவன் தேறியதும் கும்பலும் சேர்ந்து தேறிவிடுகிறது. தூக்குக் கயிறு, இல்லாவிட்டால் மன்னிப்பு என்ற இரண்டே வழிகளைக் காட்டி, பொறுப்பேற்க வைத்தல் என்ற மூன்றாவதை இந்தக் கதையாடல் அடைத்துவிடுகிறது.

அந்த வழியை அரசும் அடைத்தே வைத்திருந்தது. கும்பல் கொலைக்கு எதிரான காஸ்டிகன்–வாக்னர் மசோதாவை 1935இல் தென்மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே சாகடித்தார்கள். படம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். 1955இல் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மட் டில்லின் பெயரால் கூட்டாட்சிச் சட்டம் வந்தது 2022 மார்ச்சில். முத்தத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 86 வருஷம். படம் கேட்காமல் விட்ட கேள்வியை அத்தனை காலமும் தெருவில் நின்று கேட்டவர்கள், பலியானவர்களின் சொந்த ஜனங்கள்.