இயற்கை நீரில் உலோக அயன்கள்: ஓர் அளவீட்டின் வரலாறு

ஆற்று நீரிற் செப்பு எவ்வளவு உண்டு என்ற வினா எளிமையானதாகவே தோன்றும். ஆயின், நீரிற் கரைந்துள்ள செப்பு அனைத்தும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அதிற் பெரும்பகுதி, உக்கிய இலைகுழைகளிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் வெளிப்படும் சேதனப் பொருள்களுடன் பிணைந்து கிடக்கும். மிகச் சிறு பகுதியே நீர் மூலக்கூறுகள் மட்டும் சூழச் சுயாதீன அயனாகத் திரியும். இச்சிறு பகுதியே உயிர்களுக்குப் பொருட்டானது என்று தெளிவதற்கு, கருவி பிறந்த பின்னரும் அரை நூற்றாண்டு சென்றது. கருவி முந்தி வினா பிந்திய இவ்விந்தையே வரலாறு பயிலும் என்னை இரசாயனவியலின் எல்லைக்குள் இழுத்து வந்தது.

கருவியின் பிறப்பிடம் பிராக் நகரம். 1918 இல் கலாநிதிப் பட்டத் தேர்வுக்குத் தோற்றிய யாரொஸ்லாவ் ஹெய்ரொவ்ஸ்கியை, பௌதிகப் பேராசிரியர் கூச்செரா இரசத்துளிகள் பற்றிய ஆய்வுக்குத் தூண்டினார். நுண்குழாயிலிருந்து சொட்டும் இரசத்துளிகளைச் சேர்த்து நிறுப்பதே அன்றைய முறை. அலுப்பூட்டும் அவ்வேலையிற் சில ஆண்டுகளைக் கழித்த ஹெய்ரொவ்ஸ்கி, 1922 பெப்ரவரியில் துளியினூடு செல்லும் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துகையில் ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய அழுத்தத்தில் மின்னோட்டத்திற் படியொன்றை எழுப்பிற்று. படி தோன்றும் இடம் உலோகத்தின் பெயரைக் கூறும். படியின் உயரம் செறிவைக் கூறும். துளி வீழ்ந்ததும் புதுத்துளி தூய மேற்பரப்புடன் தோன்றுவதால் முன்னைய அழுக்கு எஞ்சுவதில்லை. 1924 இல் ஜப்பானியரான ஷிகாற்றாவுடன் இணைந்து அவர் தானே பதியும் பொறியை அமைத்தார். 1959 இல் நோபல் பரிசு கிட்டியது.

பின்னர் வந்தோர், நீரிலுள்ள உலோகத்தை முதலில் இரசத்துள் திரட்டி, அதன்பின் வெளியேற்றி அளக்கும் முறையால் மேலும் நுண்ணிய செறிவுகளை எட்டினர். எனினும் அவர்கள் தேடியது பெரும்பாலும் மொத்த அளவையே. அதற்காக நீரில் அமிலமிட்டுச் சேதனப் பிணைப்புகளை முதலில் அழித்தனர். ஏட்டை எரித்துச் சாம்பலை நிறுப்பது போன்றது இது என்றால் இரசாயனவியலார் சினக்கக்கூடும். ஆயினும் நிகழ்ந்தது அதுவே.

வினாவை மாற்றியவை பாசிகள். 1976 இல் அமெரிக்கரான சண்டாவும் கில்லார்டும், செப்பைப் பிணைக்கும் பொருளின் அளவையும் கரைசலின் அமிலத்தன்மையையும் மாற்றி மாற்றிக் கடற்பாசிகளை வளர்த்தனர். மொத்தச் செப்பு எத்துணை என்பதன்று, சுயாதீனச் செப்பயன் எத்துணை என்பதே வளர்ச்சியைத் தடுத்தது. ஒரே அளவு செப்பு ஒரு குடுவையில் நஞ்சாகவும் மற்றொன்றில் தீங்கற்றதாகவும் அமையலாம் என்பது இதன் பொருள். 1988 இல் கோலும் புரூலண்டும் வடகிழக்குப் பசுபிக்கின் மேல்நீரை மின்வாயால் ஆராய்ந்தபோது, கரைந்த செப்பில் நூற்றுக்கு 99 வீதத்திற்கும் மேல் சேதனப் பொருள்களாற் பிணைக்கப்பட்டிருந்தமை தெரிந்தது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அவ்வகை மின்வாய் காண்பது சுயாதீன அயனை மட்டுமன்று. விரைவிற் பிணைப்பவிழ்ந்து வரும் உலோகத்தையும் அது சேர்த்தே எண்ணும். ஆகவே செப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளந்து, சுயாதீன அளவைக் கணக்கிட்டே அறிந்தனர். சுயாதீன அயனின் செறிவையே நேராக அளக்கும் முறையொன்றை ஸ்பெயினின் லெய்டா நகர ஆய்வாளர் 2004 இல் வெளியிட்டனர். இரசத்துளியும் கரைசலும் சமநிலை எய்தும்வரை காத்திருப்பதே அதன் சாரம். பொறுமையை முறையாக்கினர் எனலாம்.

2007 இல் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் நன்னீரிற் செப்புக்கான அளவுகோலைத் திருத்தியபோது இக்கருத்து அரச ஆவணத்தில் இடம்பெற்றது. ஆனால் அங்கும் சுயாதீன அயன் அளக்கப்படுவதில்லை. அமிலத்தன்மை, கரைந்த சேதனக் காபன் முதலியவற்றிலிருந்து கணிக்கப்படுகின்றது. கருத்தை ஏற்றவர்கள் கருவியை ஏற்கவில்லை. இதில் நியாயம் இல்லாமலுமில்லை. ஆற்று நீரின் சேதனப் பொருள் மின்வாயிற் படிந்து அதன் அளவீட்டைக் கெடுக்கும். இரசமோ தானே நஞ்சு. இப்படிவைத் தடுக்க ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 1990களில் நுண்ணிய மின்வாய்களைக் கூழ்ப்படலத்தால் மூடி, நீரை ஆய்வுகூடத்துக்குக் கொணராது, மின்வாயையே நீருள் இறக்கினர்.